எஞ்சின் இருந்த இடம்

பெர்த் விமான நிலையத்தின் பின்கோடியில் எங்களிடம் இரண்டு சிறிய ஜெட் விமானங்கள் இருந்தன. ஐரோப்பாவில் கோட்டு சூட்டுக்காரர்களைச் சுமந்த காலத்தில் அவற்றுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும். செய்த கம்பெனி திவாலானபின் மலிவு விலைக்கு இங்கே வந்தன. இப்போது சுரங்கத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய், செம்மண்ணோடு திரும்பக் கொண்டுவருகின்றன. உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. ஒன்றில் கழற்றித்தான் மற்றதில் மாட்டவேண்டும்.

எப்பேலி அவற்றில் இரண்டாவது விமானத்தின் மெக்கானிக். பீஜியில் படகு மோட்டார் பழுது பார்த்தவன். தங்கை மேரே எங்கள் ஃபோர்மேன் டாரிலைக் கட்டிக்கொண்ட பிறகு இங்கே வந்து, நாற்பதைத் தாண்டி பரீட்சை எழுதி உரிமம் வாங்கினான். கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். செய்ததை மறுபடி பார்ப்பான், அவ்வளவுதான்.

அவனுடைய விமானத்தின் பம்பைக் கழற்றி மற்றதில் மாட்டியதிலிருந்து அது தரையில் நின்றது. அது செத்துப்போனதாக முடிவானால் அவன் வேலையும் போகும். அதனால் தினமும் டயர் ஒருபக்கம் தட்டையாகாமல் உருட்டி வைத்தான், துருவைத் துடைத்தான்.

ஒரு காலை, பறந்துகொண்டிருந்த விமானத்தின் இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்குள் கொண்டைக்கிளிகள் புகுந்துவிட்டன. விமானம் பத்திரமாக இறங்கியது, அந்த எஞ்சின் போயிற்று. சுரங்கத்தில் ஆட்கள் வீடு திரும்பக் காத்திருந்தார்கள். இன்னொரு பயணம் ரத்தானால் ஒப்பந்தமே இல்லை என்றது மேலிடம்.

டாரில் தயங்கியபடி எப்பேலியிடம் வந்தான்.

"மச்சான், உன் எஞ்சின் வேணும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்."

"எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை?"

"சத்தியமா திருப்பி மாட்டிடுவேன்டா."

"பம்பையும் அப்படித்தான் கேட்டே. என் தங்கச்சியையும் சும்மா ஊரு காட்டிட்டு கொண்டாந்து விடறேன்னுதானே கூட்டிட்டுப் போனே!"

நாங்கள் சிரித்தோம். டாரில் சிரிக்கவில்லை.

"குடுக்கலேன்னா எல்லாருக்கும் வேலை போயிரும்டா."

"குடுத்தா எனக்கு மட்டும்."

டாரில் ஸ்பானரை எடுத்தான். எப்பேலி அதைப் பிடுங்கிக்கொண்டான். "நீ மரையைக் கெடுத்துருவே. தள்ளு."

எஞ்சின் இறங்கியதும் விமானம் ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தது. நெடுநாள் நிற்கப்போகும் விமானத்துக்கு, எஞ்சின் இருந்த இடத்தில் எடைக்காகக் காங்கிரீட் கட்டையைத் தொங்கவிடுவோம். தொங்கவிட்டதை இறக்கியதாக எங்கள் கொட்டகையில் யாருக்கும் நினைவில்லை. ஒருவர் கட்டையை உருட்டிவர, டாரில் தடுத்தான். "வேணாம். வெள்ளிக்கிழமை எஞ்சின் வந்துரும்."

அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வாக்குக் கொடுக்கிறவனும் அதை நிறைவேற்ற வேண்டியவனும் ஒரே ஆள் என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம்.

வெள்ளிக்கிழமை மற்ற விமானம் எப்பேலியின் எஞ்சினோடேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனது. டாரில் கொட்டகைக்குப் பின்னால் வந்தபோது எப்பேலி தனியாகக் கட்டையைச் சங்கிலியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"யாருடா மாட்டச் சொன்னது?"

"கிழக்குக் காத்து அடிக்குது மச்சான். ஒருபக்கமா நின்னா ஆடும்."

டாரில் கையுறையைப் போட்டுக்கொண்டு, சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தான்.