செல்வி உறங்கவிடாத சிவப்பு

செய்தி வந்தபோது கோயில் மடப்பள்ளியில் நான் இருந்தேன், என் மருமகள் கலா இருந்தாள், தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு சரோஜா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். செல்வியின் தம்பி முருகேசன் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் நின்றான். "அக்கா போயிட்டாங்க" என்றான். பொங்கல் அடிப்பிடித்ததை யாரும் பார்க்கவில்லை.

செல்வி என்னைவிட வயதில் சிறியவர், மரியாதையில் இல்லை. லயத்து வரிசையில் தன் வீட்டின் முன்னறையைப் போட்டோக் கடையாக்கி, ஒரு மை பிரிண்டரை வைத்துக்கொண்டு, கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லா வீட்டுக்கும் படம் போட்டுத் தந்தவர். எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டுச் சுவர்களில் மாலையோடு தொங்கும் முகங்கள் அவர் கையால் வந்தவை.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று அந்த மிஷின் வெகு நாளாகச் சும்மா கிடந்திருந்தது. படத்தில் அவர் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள். மிஷின் தன்னையே கழுவிக்கொள்ள ஒரு வழி உண்டு. செல்வி ஒரு தடவை கழுவவிட்டு நிறுத்திவிட்டார். இன்னொரு தடவை கழுவச் சொல்லிச் சண்டை போட்டேன்.

"சும்மா சும்மா கழுவுனா மைதான் தீரும், அக்கா. காஞ்சது ஊறட்டும். அண்ணன் கோடு போட்ட மூஞ்சோட போக மாட்டாரு லா."

விடிந்ததும் படம் ஒரு கோடுகூட இல்லாமல் வந்தது.

அதன்பின் அவர் மிஷினைச் சும்மா விட்டதே இல்லை. வேலை இல்லாத வாரத்திலும் ஒரு சின்னக் கலர்ப் படம் ஓட்டுவார். இங்கே எதை எடுத்தாலும் தேயிலைப் பச்சைதானே.

"சிவப்பு மை தூங்கிடுது. அந்தச் சிவப்புச் சேலையக் கட்டிட்டு வாங்க."

"என்னையக் கூப்பிடுறியா, சேலையக் கூப்பிடுறியா?"

"சேலை சிவப்புக்கு. உங்க முறைப்பு கறுப்புக்கு."

அப்படி எடுத்த படங்கள் என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது செல்வி முருகேசனிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஒரு படம் ஓட்டுடா. பொத்தான அமுக்கி அணைச்சாத்தான் மை தெளிக்கிற தலை மூடிக்குள்ள போய் உக்காரும். பிளக்கப் பிடுங்குனா வாயத் தெறந்துக்கிட்டே காஞ்சிடும். என் படமும் அதுலதான் வரணும்."

சாமி படத்தைத் தொட்டு, "சரிக்கா" என்றான்.

செய்தி வந்த அன்றைக்கு அவர் படத்துக்காகக் கடையைத் திறந்தோம். பிளக் தரையில் கிடந்தது. சுவரில் அது இருந்த இடத்தில் அவனுடைய கரவோக்கே பாட்டுப் பெட்டி மாட்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த மிஷினைப் பிடுங்கியிருக்கிறான்; தாள் பாதியில் நின்றிருந்தது.

"பிளக்குதானே, திரும்ப மாட்டுனா ஆச்சு லா" என்றான்.

கலா மாட்டி ஓட்டினாள். சிவப்பு வரவே இல்லை. கொழுந்து நிறத்தில் முகம், மஞ்சளாய்ப் பொட்டு. டவுனில் போட்டு வரலாம் என்றார் சரோஜா. இதில்தான் வரவேண்டும் என்று செல்வி கேட்டதைச் சொன்னேன். ஊறவைக்க நேரமில்லை, சவப்பெட்டியை மூடக் காத்திருந்தார்கள். அந்தப் படத்தையே கண்ணாடி போட்டுத் தலைமாட்டில் வைத்தோம். நான் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணாடிமேல் பொட்டு வைத்தேன். அதில் சிவப்பு அது ஒன்றுதான்.

போய் வா, தங்கச்சி. மிஷின் ஊறிக்கொண்டிருக்கிறது. கருமாதிக்குள் கலா ஓடவைத்துவிடுவாள். சிவப்புச் சேலையோடு நான் போய் நிற்பேன். அன்றைக்கு உன் தம்பி இலை போட்டால் உனக்காக உட்கார்ந்து சாப்பிடுவேன். முருகேசனை மட்டும் மன்னிக்க மாட்டேன்.