அழிக்க மாட்டேன்

சட்டைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் காலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகக் காலர் தைக்கிறாள்.

ஒரு மதிய இடைவேளையில், முகநூல் பெண்கள் குழு ஒன்றில் யாரோ ஒருத்தி போட்டிருந்த பதிவைக் கைபேசியில் படித்தாள். "என் வீட்டுக்காரர் கருத்தடை மாத்திரையை ஒளிச்சு வச்சிடறார். கேட்டா சிரிக்கிறார். எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா?"

கீழே நானூறு பேர். "அது பாசம்மா, புரிஞ்சுக்கோ." "கொடுத்து வச்சவ நீ." சிரிக்கும் பொம்மை முகங்கள் வேறு.

காலர் அக்கா சோற்று டப்பாவை மூடி வைத்தாள். இரண்டு பிள்ளைகள் போதும் என்று அவளும் மாத்திரைகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருந்தவள்தான். கணவன் அவற்றைக் கொட்டிவிட்டு, அதே நிறத்தில் சத்து மாத்திரைகளை நிரப்பினான். அவள் மறுபடி கர்ப்பமானதில், வரவிருந்த சூப்பர்வைசர் வேலை கைநழுவியது. மூன்றாவது பெண் பிறந்ததும், விருந்தாளிகள் முன்னால் அந்தச் சாமர்த்தியத்தை அவனே சொல்லிச் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

இப்போது அதே குழுவில், தன் படம் போட்ட கணக்கிலிருந்தே எல்லாவற்றையும் எழுதினாள். "என் சின்னப் பொண்ணுன்னா எனக்கு உசிரு. ஆனா என்னை ஏமாத்தினது ஏமாத்தினதுதான். ரெண்டும் உண்மை."

"நாளைக்கு அந்தக் குழந்தை இதைப் படிச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"படிக்கட்டும். அவளை யாரும் இப்படி ஏமாத்தக்கூடாதுன்னுதான் எழுதறேன்."

சாயங்காலமே நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டாள். "குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே!"

"அன்னைக்கு விருந்தாளிங்களோட சேர்ந்து விழுந்து விழுந்து சிரிச்சது நீங்கதானே? அப்போ போகாத மானம் இப்போ எப்படிப் போச்சு?"

கணவன் வாசலிலேயே கத்தினான். "முதல்ல அதை அழி!"

"எதை? நீங்க செஞ்சதையா, நான் எழுதினதையா?"

அதோடு அவன் அவளிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டான். குழுவை நடத்துபவர்கள் 'குடும்ப விஷயம்' என்று அவள் பதிவைத் தூக்கினார்கள். அவள் தன் பக்கத்தில் மறுபடி போட்டாள்.

முதலில் கேட்ட அந்தப் பெண் தனியாக எழுதினாள். "அக்கா, அவரால ஒளிச்சு வைக்க முடியாத காப்பர்-டி போட்டுக்க டாக்டர்கிட்ட போகணும். கூட வர ஆளில்லை."

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலர் அக்கா போனாள். மருத்துவமனையில் நர்ஸ் சம்மதப் படிவத்தை எடுத்துவிட்டு, "வீட்டுக்காரருக்குச் சம்மதம்தானே?" என்றாள்.

"உடம்பு இவளோடதும்மா. இவ சம்மதம் பத்தாதா?"

நர்ஸ் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பேனாவை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினாள்.