சாவி கோத்த வெள்ளைப் பட்டை

கைம்பெண்ணின் மணிக்கட்டில் எது இருக்கலாம் என்று முடிவு செய்வது யார்? பட்டம் பெற்ற எனக்கும் தெரியவில்லை.

இன்று அடுத்த வீட்டுச் சிவகாமி வந்தாள். கணவர் போய்ப் பதினாறு முடிந்ததும், அவருடைய அண்ணன் இவள் வீட்டுச் சாவியைக் கேட்கிறாராம்.

"முந்தியில முடிஞ்சா தூங்கும்போது அவுத்துருவாக. கையில மாட்டுத மாதிரி ஒரு துணிப்பட்டை தச்சுத் தாங்க யக்கா."

"ஊர் பேசுமே?"

"வெள்ளைத் துணியிலயே தைங்க."

சாவியைக் கோத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். ஒரு துணிப்பட்டை வீட்டைக் காக்கும் என்று நான் நம்பவில்லை.

மறுநாள் இதையும் இந்தக் கடிதத்தில் சேர்க்கிறேன். சிவகாமி வீட்டு முற்றத்தில் கணவரின் அண்ணன் அதட்டினார்: "இந்தக் கையில என்னத்தக் கட்டியிருக்க?"

"வளையலத்தான கழத்தச் சொன்னீய அத்தான்? கழத்தியாச்சு. இது சாவி."

சாவி வாங்காமலே அவர் தம் ஊரான முக்கூடலுக்கு வண்டியேறினார்.

மாலையில் இன்னொருத்தியும் பட்டை கேட்டு வந்தாள். உங்கள் வீட்டில் பழைய வெள்ளைத் துணி இருந்தால் அனுப்புங்கள்.