ஏரிக்கரையோடு நின்றுபோன மழை

நேற்று சாயங்காலம், திருவண்ணாமலையில் மழை பெய்துகொண்டிருப்பதாகக் கைப்பேசி சொன்னது. அப்போது நான் வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கொடியில் கிடந்த துண்டு மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஆனாலும் கைப்பேசி சொன்னது பொய்யில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக் கிடந்தது. காற்றில் மண்வாசனை வந்தது. எங்கள் ஊரில் இது சகஜம். நனைந்தபடி கிரிவலம் கிளம்பியவர்கள் பாதி வழியிலேயே காய்ந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வாசனை வந்தால் எனக்கு மழைமானி நினைவுதான் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன வேளாண் அலுவலகத்தில் இருந்தேன். காலை எட்டரை மணிக்கு வளாகத்தில் இருந்த மழைமானியைத் திறந்து, தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. மழையே இல்லாத நாளிலும் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய், திறந்து பார்த்து, இல்லை என்று எழுத வேண்டும். ஏதோ நானே மழையைப் பெய்ய வைப்பதுபோல ஒரு மிடுக்கு வேறு. புடவை கசங்காமல் குனிந்து குடுவையைப் பார்ப்பதற்குத் தனியாகப் பழகியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆடி மழையை நம்பி எல்லோரும் மல்லாட்டை விதைத்திருந்தார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. பூ விட்டு, விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரத்தில் மழை நின்றுபோனது. மண் இறுகினால் விழுது இறங்காது. செடி பச்சையாகத்தான் நிற்கும், அடியில் காய் இருக்காது. வறண்ட ஊர்களின் பட்டியல் ஒன்று தயாரானது. அதில் பெயர் இருக்கிற ஊருக்கு மறுபடி விதைக்க விதை கிடைக்கும். பட்டியல் மேலே போக வேண்டிய வாரத்தில் ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் இரண்டு முறை குடுவையை நிரப்பி அளந்தேன். சந்தோஷமாக எழுதினேன். அந்த ஒரே எண்ணை வைத்துச் சுற்று வட்டாரம் முழுவதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் பச்சையம்மா. அலுவலகத்தைத் தாண்டி இருந்த ஏரிக்கு அந்தாண்டை ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லையைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். வேரோடு பிடுங்கிய செடி ஒன்றை என் மேஜைமேல் வைத்தார்.

“நீ எழுதுன மழை என் கொல்லையில பேயலம்மா.”

“மழைமானியப் பாத்துட்டுதாங்க எழுதுனேன்.”

“அது உன் ஆபீசுல பேஞ்சதச் சொல்லும். என் கொல்லைக்கு அது எப்ப வந்துச்சி?”

எனக்குக் கோபம் வந்தது. செடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். செடியில் விழுதுகள் மண்ணைத் தொடாமலே கம்பிபோலக் காய்ந்திருந்தன.

அவரை அலுவலக மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சேறு, சக்கரம் வழுக்கியது. என் எண் சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு குரல். ஏரிக்கரை வளைவு தாண்டியதும் அந்தக் குரல் அடங்கிவிட்டது. சாலை வெளுத்து, பின்னால் புழுதி கிளம்பியது. மழை ஏரிக்கரையோடு நின்றுபோயிருந்தது. பச்சையம்மா தன் களைக்கொத்தியை என்னிடம் கொடுத்தார். கொத்தினேன். ஒரு சாண் ஆழத்திலும் ஈரமில்லை.

அன்றும் அடுத்த இரண்டு நாளும் ஊர் ஊராகப் போய்க் கொத்தினோம். எந்த ஊரில் எவ்வளவு ஆழத்துக்கு ஈரம், எந்த ஊரில் சுத்தமாக இல்லை என்று எழுதினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மழைமானிக்குக் குனிந்ததெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றியது.

எங்கள் அலுவலக அதிகாரி என் அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “மழைமானி ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றியேம்மா. எத அனுப்பறது?”

“ரெண்டும் நெஜம்தான் சார். நீங்களே வந்து ஒரு தடவ கொத்திப் பாருங்க.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் நேர்மையான மனிதர், மறுநாள் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு மூன்று இடத்தில் கொத்தினார். அங்கேயே, மொபெட் சீட்டின்மேல் என் அறிக்கையை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏரிக்கு அந்தாண்டை ஊர்கள் பட்டியலில் நின்றன. கொள்ளு விதை வந்தது. பச்சையம்மா காய்க்காத செடிகளை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு, புரட்டாசிக் கடைசியில் கொள்ளு விதைத்தார். அதற்கு மழை கிடைத்தது. அறுவடைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். போனபோது வரப்பில் நின்றுகொண்டு பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம், “இதாம்பா, மழையக் கொத்திப் பாத்துட்டு எழுதுற பொண்ணு,” என்றார். வேலையில் எனக்குப் பாராட்டுத்தாள்கள் சில கிடைத்தன. அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாது. இந்த வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வருஷமே அவர் ஊரில் தனியாக ஒரு மழைமானி வைத்தோம். இடத்தைக் காட்டியது பச்சையம்மாதான்.

இப்போது அங்கெல்லாம் தானியங்கிக் கருவிகள். வேலிக்குள் நின்றபடி அவையே அளந்து அவையே அனுப்பிவிடுகின்றன; என் நாளில் இருந்ததைவிட எத்தனையோ திருத்தமாக. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கெல்லாம் மழை பெய்த மறுநாள் அலுவலக வாசலில் நாலு பேராவது நிற்பார்கள். “எங்க பக்கம் கம்மியா எழுதிட்டியா, ஜாஸ்தியா எழுதிட்டியா?” என்று பதிவேட்டைத் திருப்பச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். மழையிடம் கேட்க முடியாததை எல்லாம் என்னிடம் கேட்டார்கள். வேலிக்குள் நிற்கிற கருவியிடம் அப்படிச் சண்டைக்கு யாரும் போவதில்லை.