ஒளிந்தே இருந்த மந்திரக்காரி

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கச்சிபௌலியில் எங்கள் ஃபிளாட்டில் ஞாயிறு மதியங்களில் நண்பர்களும் என் பத்து வயது மகளும் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை விளையாடுவார்கள். கதையை நடத்துபவன் நான். ஒளிந்திருக்கும் மந்திரவாதி மந்திரத்தைத் தமிழில் உரக்கச் சொன்னால்தான் பலிக்கும், சொன்னதும் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று விதி வைத்திருந்தேன். எதற்கும் இந்த ஊர்த் தெலுங்கிலேயே பதில் சொல்லும் மகளைத் தமிழ் பேசவைக்கத்தான்.

அவளுடைய மந்திரக்காரி மூன்று வாரமாகத் தூணுக்குப் பின்னால்தான் நின்றாள். அன்று பூதம் மற்ற எல்லோரையும் சாய்த்துவிட்டது.

"மந்திரத்தைச் சொல்லேன்டி! எல்லாரும் சாகப்போறாங்க!" என்று கத்தினேன்.

"நக்கோப்பா, வேணாம். சொன்னா சிரிப்பாங்க" என்றாள், வழக்கம்போலத் தெலுங்கில்.

"யாரு சிரிச்சா?"

"நீங்கதான். ஃபர்ஸ்ட் டே."

ஆமாம். முதல் நாள் அவள் பேசிய தமிழை அவளைப் போலவே பேசிக்காட்டி நண்பர்களைச் சிரிக்கவைத்தவன் நான். இப்போது ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கையை அசைச்சாலே போதும்மா" என்று விதியை மாற்றினேன். அசைத்தாள். பூதம் விழுந்தது. எல்லோரும் கைதட்ட, அவள் பூரித்துப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.