நாய்த்துளசி வாசம்

போன வருடம், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நான் ஆய்வு மாணவி. தாமிரபரணிக் கரையிலும் மலையடிவாரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும் வாசனைச் செடிகளைப் பறித்து வந்து, அவற்றின் எண்ணெயில் என்னென்ன வேதிப்பொருட்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது வேலை. கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் நாள் முழுக்கத் தழையை அவிக்கும் வேலைதான்.

கண்ணாடிக் குடுவையில் தழையையும் தண்ணீரையும் போட்டுக் கொதிக்க வைப்போம். ஆவியோடு ஏறி வரும் எண்ணெய் குளிர்ந்து, தண்ணீர் மேல் மஞ்சளாக மிதக்கும். ஒரு பை தழைக்குச் சில சொட்டுகள் தேறினாலே அதிர்ஷ்டம். அதைச் சிறு குப்பியில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, குடுவையில் மிஞ்சிய சக்கையைக் கொல்லைப் பக்கம் கொட்டுவோம். கொட்டும்போது எழும் ஆவி உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

என்னோடு ஆய்வு செய்த தோழி எடுத்துக்கொண்ட செடி நாய்த்துளசி. சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி அவள் தழை பறிப்பதைப் பார்த்தால், ஆராய்ச்சி மாணவி என்று யாரும் நம்ப மாட்டார்கள். புரட்டாசிக் கடைசியில் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் போய்விட்டாள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு, அவளுடைய பொருட்களை வாங்கிப் போக அவள் அம்மா வந்தார். பீடி சுற்றி மகளைப் படிக்க வைத்தவர். அவளுடைய பை, டிபன் பாக்ஸ், வெள்ளை லேப் கோட் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தோம். கோட்டில் கறை இருந்ததால், அப்படியே கொடுக்க மனம் வராமல் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தோம். அந்த அம்மா அதை விரித்து முகத்தில் வைத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"தொவச்சிட்டியளாம்மா?" என்றார்.

கறை இருந்தது என்றேன். அவர் சொன்னார்: "வீட்டுலயும் அவ துணியெல்லாம் சொந்தக்காரங்க ஆத்துல கொண்டு அலசிட்டாங்க. தெனமும் ஒரு தழ வாசத்தோட வருவா. 'ஏட்டி, மொதல்ல போய்க் குளி'ன்னு ஏசுவேன். மொகம் போட்டோல இருக்கு. பேச்சு செல்போன்ல கெடக்கு. அந்த வாசம் மட்டும் எங்கயும் இல்லம்மா."

ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அவள் கையால் எடுத்த எண்ணெய், அவள் எழுத்தில் பெயர் ஒட்டிய குப்பியில் இருந்தது. திறந்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது தைலம் கணக்கால்லா இருக்கு. அவ வாசம் இது இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வீட்டுக்குச் சுமந்து போனது எண்ணெயின் வாசத்தை அல்ல, நாங்கள் வேண்டாமென்று கொட்டும் சக்கையின் வாசத்தை. யூஜினால், கேரியோஃபிலின் என்று எண்ணெயில் இருப்பதையெல்லாம் இயந்திரம் பெயர் சொல்லிக் காட்டும். சக்கையை நாங்கள் ஆராய்ந்ததே இல்லை.

அவள் விட்டுப்போன ஆய்வை முடிப்பதற்காக அன்று காலையில்தான் நாய்த்துளசியை அடுப்பில் ஏற்றியிருந்தோம். அந்த அம்மாவிடமிருந்து கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். குடுவையைத் துணியால் பிடித்துக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். குப்பென்று ஆவி எழுந்தது. வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்று குனிந்து நின்றேன்.

திரும்பியபோது அந்த அம்மா எனக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "இதுதாம்மா, இதுதான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். சாவு வீட்டில்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். மடித்து பிளாஸ்டிக் பையில் வைத்து, காற்றுப் போகாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"இப்படிக் கட்டி வச்சா போவாதுல்லாம்மா?" என்று கேட்டார்.

ஆவியாகிப் பறப்பதால்தான் ஒரு வாசம் நம் மூக்குக்கே வந்து சேருகிறது. பறக்கிற பொருள் எத்தனை முடிச்சுப் போட்டாலும் நிற்காது. நான்கைந்து நாளில் அந்தக் கோட்டும் வெறும் துணியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். நான் படிப்பதே அதைத்தான்.

"போவாதும்மா" என்றேன். இத்தனை வருடம் படித்த படிப்பில் நான் சொன்ன ஒரே பொய் அது. அதைத் திருத்த வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.