சோபாவுக்கு மேலே பியோனி

ருய்லான் அக்கா வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு, நீட்டிய தேநீரைக் கையில் வாங்காமல், நேராக சோபாவுக்கு மேலே இருக்கும் சுவரைப் பார்க்கிறார். ஐந்தாம் மாடி ஹோ குடும்பம் மகன் கல்யாணத்துக்காக எடுத்த புது வீடு அது. சுவர் முழுக்க மலையும் அருவியுமாக ஒரு படம்.

“தண்ணி எந்தப் பக்கம் ஓடுது பாத்தியா?”

“அருவின்னா கீழதானே அக்கா ஓடும்?” என்கிறாள் ஹோவின் மனைவி.

“கீழ விழுந்து அப்புறம் எங்க போகுது? வாசலுக்குல்ல போகுது. பையன் சம்பாதிக்கிறதெல்லாம் அதுகூடவே கிளம்பிரும். கொண்டுபோய் மாத்திட்டு வா.”

மறுநாளே மாற்றிவிட்டார்கள். சீனாவில் எங்கள் லின்யி நகரத்தில், எங்கள் கட்டடத்தில், படம் வாங்குகிறவர்கள் ஓவியம் படித்தவர்களைக் கேட்பதில்லை; ருய்லான் அக்காவைத்தான் கேட்பார்கள். எட்டுக் குதிரை என்றால் எட்டும் வீட்டுக்குள் பார்த்து ஓட வேண்டும். மீன் என்றால் ஒன்பது. படுக்கையறையில் ஒற்றைப் பறவை ஆகவே ஆகாது. இதெல்லாம் அவருக்கு உப்புப் போட்டுச் சமைக்கிற மாதிரி. இல்லாவிட்டால் வீடு சப்பென்று இருக்கும் என்பார்.

வெந்நீர் பிளாஸ்க் தொழிற்சாலையில், பிளாஸ்க் மேல் பூப்படம் ஒட்டும் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். செக்கச்செவேலென்ற பியோனி, செல்வத்தின் பூ. அதைக் கோணாமல் ஒட்ட வேண்டும். அந்த பிளாஸ்க் இல்லாமல் அப்போதெல்லாம் ஒரு கல்யாணச் சீர் கிடையாது. “நான் ஒட்டின பூவப் பாத்துத்தான் பாதி ஊரு காலைல கண் முழிச்சுது” என்று சொல்லும்போது மூக்கு கொஞ்சம் விடைக்கும்.

ஒரே மகள் யான்சு நான்ஜிங்கில் ஓவியம் படித்தாள். படிப்பு முடித்து ஊர் திரும்பியபோது, உயிரைக் கொடுத்து வரைந்த ஒரு படத்தைச் சட்டமிட்டு அம்மாவுக்குக் கொண்டுவந்தாள். தொழிற்சாலையின் பின்சுவர், இலையுதிர்ந்து மொட்டையாய் நிற்கும் நெட்டை மரங்கள், சேறான பனி. ருய்லான் அக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“ஒரு இலைகூட இல்லியேடி. பண்டிகைக்கு நாலு பேரு வர்ற வீடு. எழவு வீடான்னு கேப்பாங்க.”

யான்சு கடைக்குப் போயிருந்த நேரத்தில் அதை மாட்டியும் விட்டார். சோபாவுக்கு மேலே அல்ல. வாசலில், செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கும் மின்பெட்டியை மறைத்து. எங்கள் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் அந்தப் பெட்டியை மறைக்க ஏதாவது ஒரு படம் தொங்கும். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். திரும்பி வந்த மகள் செருப்பைக் கழற்றியபடி அதைப் பார்த்தாள்.

“ஆணி உறுதியா அடிச்சியாம்மா?” என்று மட்டும் கேட்டாள். இரவு கொழுக்கட்டையைச் சிரித்துப் பேசித்தான் சாப்பிட்டாள். அதனால் ருய்லான் அக்காவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இந்த வருஷம் வசந்தப் பண்டிகைக்கு, அதாவது எங்கள் புத்தாண்டுக்கு, வேலைக்கு வெளியூர் போன யான்சு வரவில்லை. சுருட்டிய படம் ஒன்று வந்தது. சிவப்புப் பியோனிகள், பொன்னிற வண்டுகள், வீட்டுக்குள் பார்த்து ஓடும் ஓடை. ஓட்டல்களுக்கும் புது வீடுகளுக்கும் படம் அனுப்பும் ஒரு கம்பெனியில் அவள் இப்போது இதைத்தான் வரைகிறாள். சோபாவுக்கு மேலே மாட்டியதும் கட்டடமே கூடி வாயைப் பிளந்தது. “இதுதான் படம்! எங்களுக்கும் ஒண்ணு போடச் சொல்லுக்கா” என்றாள் ஹோவின் மனைவி. ருய்லான் அக்கா பழக்கதோஷத்தில் குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் அவர் ஊருக்குச் சொல்லும் விதிப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் போனில் கேட்டார்: “உனக்குப் பிடிச்சா வரைஞ்ச?”

“உனக்குப் பிடிக்கும்லம்மா.”

“அந்த மரம் வரைஞ்சியே... அது மாதிரி இன்னொண்ணு...”

“அதெல்லாம் இப்ப கை வர்றதில்லம்மா. சாப்பிட்டியா?”

அந்த மொட்டை மரத்தைக் கூடத்திலேயே மாட்டியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று இப்போது தனக்குள்ளேயே பொருமுகிறார். வருகிறவர்கள் பியோனியைப் புகழும்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார்.

போன வாரம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. பழுது பார்க்க வந்தவன் கைப்பையை இறக்கிவிட்டு, கரிபடிந்த கையால் அந்தப் படத்தைப் பிடித்தான்.

“இரு. அதத் தொடாத.”

ருய்லான் அக்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, தானே அதைக் கழற்றினார்.

“வேல முடிய நேரமாகும் அத்தை. சோபா மேல வச்சிருங்க.”

அவர் வைக்கவில்லை. அவன் வேலையை முடித்துப் பெட்டியைச் சாத்தும்வரை, படத்தின் முகம் தன் பக்கம் இருக்க, நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே இருந்தார்.